எட்டரை சதவீதம்

2013-ல் டெக்ஸஸில் முதுகலை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, பள்ளிகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில். பெரிய வேலையெல்லாம் இல்லை. மாணவர் பற்றிய தரவை எடுத்து, மாநில அரசு கேட்கிற வடிவத்தில் அறிக்கையாக்கித் தர வேண்டும். கூடவே, பள்ளி நிர்வாகிகள் ஒரே பார்வையில் பார்த்துக்கொள்ள ஒரு டாஷ்போர்டு.

அதில் ஒரு கட்டத்துக்கு நிறம் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பள்ளி மாவட்டத்தின் மொத்த மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் சிறப்புக் கல்வியில் இருக்கிறார்கள் என்ற கட்டம். 8.5 அல்லது அதற்குக் கீழே என்றால் பச்சை, அதற்கு மேலே போனால் மஞ்சள், இன்னும் மேலே போனால் சிவப்பு. எழுதி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி எல்லை மதிப்புகளைப் போட்டுச் சோதித்தேன். 8.5 பச்சை. 8.6 மஞ்சள். 0 கொடுத்தேன். பச்சை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று டிக்கெட்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஆயிரக்கணக்கான குழந்தைகள் படிக்கும் ஒரு மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குக்கூடச் சிறப்புக் கல்வி தேவைப்படவில்லை என்றால் அது எப்படி நல்ல செய்தியாகும்? இந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை. தோன்ற மூன்று வருடம் ஆனது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை, செய்தித்தாளில் படித்தேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் அரை நூற்றாண்டு வரலாறு கிடைத்தது. அதைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் ‘பள்ளி மாவட்டம்’ என்பது நம்மூர் மாதிரி கலெக்டர் இருக்கும் மாவட்டம் அல்ல. பள்ளிகளை நடத்துவதற்காகவே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு. தனியாக வரி விதிக்கும், தனியாக வாரியத் தேர்தல் நடத்தும். டெக்ஸஸில் மட்டும் இப்படி ஆயிரத்துக்கும் மேல் உண்டு. அங்கே ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதான் கணக்கெடுப்பு நாள். அன்று யார் யார் எந்த வகுப்பில், எந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை ஒரு புகைப்படம் போல உறைய வைத்து மாநிலக் கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை நெருங்கினால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் லீவு கிடைக்காது.

சரி, இந்தக் குழந்தைகளை எண்ணும் வழக்கம் எப்போது தொடங்கியது? எண்ணப்படாமல் இருந்ததை எதிர்த்துத்தான் தொடங்கியது.

1970-களின் தொடக்கம் வரை, மனவளர்ச்சி குன்றிய குழந்தையைப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுக்கலாம் என்பது அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமாகவே இருந்தது. பென்சில்வேனியாவில், ஐந்து வயதுக் குழந்தையின் மன வளர்ச்சியை எட்டாத பிள்ளையைத் திருப்பி அனுப்ப இடமிருந்தது. 1971-ல் பெற்றோர் சங்கம் ஒன்று மாநிலத்தின் மீது வழக்குப் போட்டு அதை மாற்றியது. அடுத்த வருடம் தலைநகர் வாஷிங்டனில் மில்ஸ் வழக்கு. என்னைப் போன்ற அறிக்கை எழுதுகிற ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு அது. 1971-72 கல்வியாண்டில் 12,340 ஊனமுற்ற குழந்தைகளுக்குத் தங்களால் கல்வி தர இயலாது என்று அந்தப் பள்ளி நிர்வாகம் மத்திய அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் தானே ஒரு மதிப்பீட்டை எழுதியிருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா படிவத்தில் நிரப்பிய எண்ணாகத்தான் அது இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் அதுவே நிர்வாகத்துக்கு எதிரான சாட்சியானது. பணம் இல்லை என்பதைக் காரணமாக ஏற்க முடியாது என்று நீதிபதி ஜோசப் வாடி தீர்ப்பளித்தார்.

1975 நவம்பர் 29-ல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இதன் தொடர்ச்சி. நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊனமுற்ற குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் தகுந்த கல்வி பெறவில்லை, 10 லட்சம் பேர் பொதுப் பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே இருக்கிறார்கள் என்று சட்டத்தின் முகப்பிலேயே எழுதினார்கள். இனிமேல் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமான, தகுந்த கல்வி. குழந்தை தேடி வரும்வரை காத்திருக்கக் கூடாது, பள்ளிதான் குழந்தையைத் தேடிப் போக வேண்டும். இந்த ‘தேடும் கடமை’ முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்டு கையெழுத்துப் போட்டாரே தவிர, கொடுக்க முடிந்ததற்கு மேல் வாக்களிக்கும் சட்டம் இது என்று சேர்த்தே சொன்னார். அவர் சொன்னது பலித்தது. ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்பது வாக்கு. 2009-ல் ஒருமுறை வந்த ஊக்கநிதியைத் தவிர்த்தால், அதில் பாதியைக்கூட அது தொட்டதில்லை. மீதி மாநிலங்கள் தலையில், மாவட்டங்கள் தலையில்.

பணம் தலைக்கணக்கில் வந்ததால், எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவார்களோ என்ற பயம் சட்டம் இயற்றும்போதே இருந்தது. அதனால் ஒரு மாநிலம் தன் பள்ளி வயதுக் குழந்தைகளில் 12 சதவீதத்துக்கு மேல் கணக்கில் காட்டிப் பணம் கேட்க முடியாது என்று வரம்பு வைத்தார்கள். 1976-77-ல் சுமார் 37 லட்சம் குழந்தைகள் பட்டியலுக்குள் வந்தார்கள். 2022-23-ல் 75 லட்சம்.

இதுவரை கேட்டால், எண்ணிக்கை கூடக் கூட நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் அதே காலத்தில், எண்ணுவதற்கு நேர் எதிரான இன்னொரு காரணமும் இருந்தது.

1968-ல் லாய்டு டன் என்ற சிறப்புக் கல்வி அறிஞர், தன் துறையையே கேள்வி கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். ‘மிதமான மனவளர்ச்சிக் குறைவு’ என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் உட்கார வைக்கப்படும் குழந்தைகளில் பெரும்பகுதி ஏழைகள், சிறுபான்மையினர், ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாதவர்கள் என்பது அவர் வாதம். கலிஃபோர்னியாவில் 1970-ல் டயானா வழக்கு: ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஐ.க்யூ. தேர்வு வைத்து அந்த வகுப்புகளில் தள்ளியிருந்தார்கள். ஸ்பானிஷில் மறுதேர்வு வைத்தபோது பெரும்பாலானவர்கள் வெட்டு மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், நம் பிள்ளைக்குத் தெரியாத மொழியில் கேள்வி கேட்டு அதற்கு மூளை இல்லை என்று சான்றிதழ் கொடுத்தால் எப்படி இருக்கும்?

பிறகு லாரி பி. வழக்கு. 1968-69-ல் கலிஃபோர்னியா மாணவர்களில் கறுப்பினக் குழந்தைகள் 9 சதவீதம். அந்தத் தனி வகுப்புகளிலோ 27 சதவீதம். 1979-ல் நீதிபதி ராபர்ட் பெக்கம், கறுப்பினக் குழந்தைகளை இவ்வகுப்புகளில் சேர்க்க ஐ.க்யூ. தேர்வைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தார். இங்கேயும் நியாயத்தைக் கொண்டுவந்தது தரவுதான். இனவாரியாக எண்ணாமல் இருந்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஆக, ஒரே எண்ணுக்கு இரண்டு முகம். குறைவாக இருந்தால், உதவி தேவைப்படும் பிள்ளை வெளியே நிற்கிறது என்று பொருளாகலாம். அதிகமாக இருந்தால், உள்ளே வரக் கூடாத பிள்ளையை உள்ளே தள்ளி ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருளாகலாம். எது உண்மை என்று எண் தானாகச் சொல்லாது. அறிஞர்களே இன்றும் சண்டை போடுகிறார்கள். பால் மார்கனும் சகாக்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவு கற்றல் திறனும் பின்னணியும் உள்ள குழந்தைகளை ஒப்பிட்டால் சிறுபான்மைக் குழந்தைகள் குறைவாகத்தான் அடையாளம் காணப்படுகிறார்கள் என்றது. அது தப்பு என்று எதிர்த்தவர்களும் உண்டு.

1997-ல் சட்டத்தைத் திருத்தி, கூடுதல் நிதியைத் தலைக்கணக்கிலிருந்து பிரித்து மக்கள்தொகை, வறுமை ஆகியவற்றோடு கட்டினார்கள். 2004-ல் இன்னொரு திருத்தம்: இனவாரி ஏற்றத்தாழ்வு மிக அதிகமாக உள்ள மாவட்டம், மத்திய அரசு தரும் சிறப்புக் கல்விப் பணத்தில் 15 சதவீதத்தை முன்கூட்டியே உதவும் திட்டங்களுக்கு ஒதுக்க வேண்டும். ‘மிக அதிகம்’ என்றால் எவ்வளவு? அதை மாநிலங்களே முடிவு செய்துகொள்ளலாம். வேலை செய்தவர்களுக்கு விளைவு புரிந்திருக்கும். 2010-11-ல் நாடு முழுக்க ஏறத்தாழ 15,000 மாவட்டங்களில் வெறும் 356 மட்டுமே அந்த வலையில் சிக்கின. வலையின் கண்ணை மீனே பின்னிக்கொண்டது.

அதே 2004-ல்தான் டெக்ஸஸ் கல்வித் துறை மாவட்டங்களைக் கண்காணிக்கப் புது மதிப்பெண் முறை கொண்டுவந்தது. பல குறியீடுகளில் ஒன்று, நான் பச்சை பூசிய அந்தக் கட்டம். அப்போது மாநிலத்தில் கிட்டத்தட்ட 12 சதவீதம் குழந்தைகள் சிறப்புக் கல்வியில் இருந்தார்கள். 8.5-க்குள் இருந்தால் நல்ல மதிப்பெண். மேலே போகப் போக மோசமான மதிப்பெண், விசாரணை, திருத்தத் திட்டம். ‘இதற்கு மேல் சேர்க்கக் கூடாது’ என்று எங்கேயும் ஒரு வரிகூட இல்லை. தேவையும் இல்லை. கீழே ஒரு நிறம் இருந்தால் போதும்.

2016 செப்டம்பரில் ஹூஸ்டன் க்ரானிக்கிள் நாளிதழில் பிரையன் ரோசன்தால் எழுதிய தொடர் வந்தது. 12 ஆண்டுகளில் டெக்ஸஸின் விகிதம் 12 சதவீதத்தை ஒட்டிய நிலையிலிருந்து 8.5-க்கு, குறி வைத்து அடித்தது போல, வந்து நின்றிருந்தது. நாட்டிலேயே மிகக் குறைவு. தேசிய சராசரி 13. அந்தச் சராசரி அளவுக்காவது சேர்த்திருந்தால் இன்னும் இரண்டரை லட்சம் குழந்தைகளுக்கு உதவி கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 8.5 தான் சரியான அளவு என்று சொல்லும் ஆய்வு எதுவும் இல்லை என்பதை அதிகாரிகளே அந்த நாளிதழிடம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அது உச்சவரம்பு அல்ல, வெறும் குறியீடுதான் என்பது துறையின் பதில்.

அந்தச் செய்தியை அலுவலக கேன்டீனில் ஃபோனில் படித்தேன். கை சில்லிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முதலில் மனதில் வந்தது, ‘நான் சொன்னதைத்தானே செய்தேன்’ என்பதுதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொருவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது அடுத்துத் தோன்றியது.

எங்கள் அபார்ட்மெண்டில் மதுரைக்காரர் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அக்காவின் பையன் படு சுட்டி. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான், எழுத்தைக் கண்டால் ஓடுவான். ‘பி’யும் ‘டி’யும் எப்போதும் குழம்பும். பள்ளியில் கேட்டதற்கு, முதலில் வகுப்பிலேயே கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். ஒரு வருடம் போனது. அடுத்த வருடமும் அதே பதில். இரண்டு வருடமும் அக்காவுக்கு உள்ளூர நிம்மதிதான். “டீச்சரே ஒண்ணும் இல்லைங்குறாங்க தம்பி, நாம ஏன் புள்ளைக்குப் பேரு வைக்கணும்?” என்பார். நானும் தலையாட்டினேன். ‘ஸ்பெஷல்’ என்ற சொல் காதில் விழாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற நம் ஆட்களுக்கு, எண்ணிக்கையைக் குறைக்க நினைக்கும் மாவட்டம் மிக வசதியான கூட்டாளி.

நாளிதழ்த் தொடரும் இதைத்தான் சொன்னது. நேரடியாக மறுத்தவர்கள் குறைவு. ‘இந்த வருடம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது, சட்டப் பாதுகாப்பு குறைந்த வேறு திட்டத்துக்குத் திருப்பிவிடுவது, இவைதான் வழி. தேடிப் போக வேண்டிய பள்ளி, தேடி வந்தவரையும் வாசலில் உட்கார வைத்தது.

அன்று மாலை அந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் செய்தியைப் படித்துக் காட்டினேன். டாஷ்போர்டு பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, அதை விடு. இப்ப என்ன செய்யணும், சொல்லு” என்றார். டெக்ஸஸில் பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளி 15 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்; ஒப்புதல் கொடுத்தபின் 45 பள்ளி நாட்களுக்குள் பரிசோதனை முடிய வேண்டும். வாயால் கேட்டால் எதுவும் ஓடத் தொடங்காது. இரண்டு வருடமும் அவர் வாயால்தான் கேட்டிருந்தார். அன்றிரவு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். டிஸ்லெக்ஸியா என்று மறு வருடம் உறுதியானது. அப்போது பையன் ஐந்தாம் வகுப்புக்குப் போகப்போகிறான்.

2017-ல் அப்படிப்பட்ட குறியீட்டையே டெக்ஸஸ் சட்டமன்றம் தடை செய்தது. 2018 ஜனவரியில், மாநிலம் மத்தியச் சட்டத்தை மீறியதாக அமெரிக்கக் கல்வித் துறை அறிவித்தது. அதன்பின் விகிதம் ஏறி, 12-ஐத் தாண்டிவிட்டது. புள்ளிவிவரம் சரியாகிவிட்டது. ஆனால் 2004-ல் எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு 2016-ல் இருபது வயது. அவனுக்கு விகிதம் ஏறி என்ன பயன்?

தேசிய அளவில், இனவாரி ஏற்றத்தாழ்வை எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் கணக்கிட வேண்டும் என்று 2016 டிசம்பரில் விதி வந்தது. 2018-ல் அடுத்த நிர்வாகம் அதை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது; 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் தள்ளிப்போடலைச் செல்லாது என்றது. வரம்பு எண்ணை மாநிலமே வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் மாறவில்லை.

நான் இப்போது வேறு நிறுவனத்தில், வேறு துறையில் இருக்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிசையும் ஒரு குழந்தை. சிறப்புக் கல்வியில் உள்ள குழந்தைக்கு ஒரு குறியீடு இருக்கும். பரிசோதனையே செய்யப்படாத குழந்தைக்கு அந்த இடம் காலி. தேவையில்லாததால் காலியா, யாரும் பார்க்காததால் காலியா என்று எந்த நிரலாலும் பிரித்துச் சொல்ல முடியாது. எத்தனை பெற்றோர் கேட்டார்கள், எத்தனை பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள் என்பதற்கு அந்த டாஷ்போர்டில் ஒரு கட்டம் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. எழுதுகிற இடத்தில் இருந்த நானும் கேட்கவில்லை.

இப்போதும் யாராவது ஒரு எண்ணைக் காட்டி இதற்குக் கீழே இருந்தால் பச்சை என்று சொன்னால், முதலில் சுழியத்தைப் போட்டுப் பார்க்கிறேன். அதுவும் பச்சையாக வந்தால் டிக்கெட்டை மூடுவதில்லை.