கண்டதும் ஊகித்ததும்: குச்சவெளிக் கல்லை வாசிக்கப் போவது யார்?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வடக்கே போனால், நிலாவெளி, இறக்கக்கண்டி எல்லாம் தாண்டி, முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே குச்சவெளி வரும். அங்கே கடலோரப் பாறை ஒன்றில் சமஸ்கிருதத்தில் சில வரிகள் வெட்டியிருக்கு. பக்கத்திலேயே ஒரு சதுரம். அதைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் தூபிகளைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கினம்.

இந்தக் கல்லைப் பற்றி எங்கட ஆக்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில்தான் பெரும்பாலும் வரும். ஒன்று, “தெரியாது.” மற்றது, “அதைப் பற்றிக் கதைக்காதே, கதைச்சால் காணி போயிடும்.”

இரண்டாவது பதிலை வெறும் பயம் என்று ஒதுக்க ஏலாது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. குச்சவெளி, திரியாய்ப் பக்கத்துச் சனத்துக்குத் தொல்லியல் என்றால் அறிவிப்புப் பலகையும் எல்லைக்கல்லும்தான் ஞாபகம் வரும். கல்வெட்டு அவர்களுக்குப் பாடமாக வரவில்லை, வழக்காக வந்தது.

ஆனாலும் நாங்கள் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கு என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கல் என்ன சொல்லுது?

குச்சவெளிக் கல்வெட்டைப் பதிப்பித்தவர் செனரத் பரணவிதான. ‘எபிகிராபியா செலனிக்கா’ மூன்றாம் தொகுதியில் அது இருக்கிறது. எழுத்தின் வடிவத்தை வைத்து அவர் கணித்த காலம் 5-ஆம் நூற்றாண்டுக்கும் 8-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. செய்தி இவ்வளவுதான்: இந்தப் புண்ணியத்தின் பலனாக, இனி எடுக்கும் ஒவ்வொரு பிறவியிலும் உலகத்தின் துன்பத்தைத் தீர்க்கும் ஆற்றல் தனக்கு வேண்டும், கடைசியில் தானே புத்தராக வேண்டும் என்று ஒருவர் வேண்டுகிறார்.

தானே புத்தராக வேண்டும் என்ற வேண்டுதல் மகாயானத்தில் ஓங்கி ஒலிப்பது. மொழி பாளியும் இல்லை, சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. சமஸ்கிருதம்.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே, அதே குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் திரியாய். அங்குள்ள மலைப் பாறையில் இன்னொரு சமஸ்கிருதக் கல்வெட்டு. எழுத்து பல்லவ கிரந்தம். அதாவது காஞ்சிபுரத்தைத் தலைநகராக வைத்திருந்த பல்லவரின் நாட்டில் வளர்ந்த எழுத்து. 7, 8-ஆம் நூற்றாண்டுக் காலம். கடலோடுவதில் கைதேர்ந்த வணிகர்களைப் பற்றி அது பேசுது. திரபுசகர், வல்லிகர் என்ற வணிகர் கூட்டத்தாரின் பெயர் வருது. அவலோகிதேசுவரரும் மஞ்சுசிறியும் வருகினம்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. இந்த இரண்டு கல்லும் இன்றைக்கு நடக்கும் சண்டையில் யாருடைய பக்கம்? தேரவாதம்தான் இந்த மண்ணின் ஒரே மரபு என்பவருக்கு மகாயானம் இடிக்குது. பௌத்தம் என்றாலே வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்பவருக்குப் பல்லவ கிரந்தம் இடிக்குது. இரண்டு கோஷத்துக்குள்ளும் அடங்காத கடலோர உலகம் ஒன்று இங்கே இருந்திருக்கு.

இதே மாவட்டத்தில் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அதன் பெயர் இராசராசப் பெரும்பள்ளி. அந்தப் பௌத்தப் பள்ளியில் விளக்கெரிக்கத் தானம் கொடுத்தவர்கள் தங்கள் தானத்தைத் தமிழில்தான் கல்லில் வெட்டி வைத்தார்கள். நிலாவெளியில் கிடைத்த தமிழ்ச் சாசனமோ கோணமலைச் சிவனுக்கு 250 வேலி நிலம் கொடுத்த கதையைச் சொல்லுது. நிலாவெளிச் சாசனத்தை மட்டும் காட்டி வெல்கம் விகாரையை மறைப்பதும், வெல்கம் விகாரையைக் காட்டி அதில் உள்ள தமிழை மறைப்பதும் ஒரே வேலைதான்.

ஒரே ஆள், இரண்டு வாசிப்பு

பரணவிதான சாதாரண ஆள் இல்லை. 1940 முதல் 1956 வரை தொல்லியல் ஆணையாளர். சிகிரியாச் சுவரில் பார்வையாளர்கள் கிறுக்கிவிட்டுப் போன நூற்றுக்கணக்கான சிங்களப் பாட்டுகளை வாசித்துப் பதிப்பித்தவர். இலங்கையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிப் பிராமிக் கல்வெட்டுகளை ஒரே தொகுதியாக 1970-இல் கொண்டுவந்தவர். இன்றைக்கும் இலங்கைக் கல்வெட்டைத் தொடும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

அதே பரணவிதான 1960-களில் ஒரு புதுச் செய்தி சொன்னார். பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கு இடையில் மிக நுணுக்கமான எழுத்தில் இன்னொரு கல்வெட்டு மறைந்திருக்கிறது, தன்னால் அதை வாசிக்க முடிகிறது என்றார். அந்த ‘வரியிடை எழுத்துகளை’ ஆதாரமாக வைத்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் இருந்த தொடர்பை எழுதினார். 1971-இல் கிரேக்கரையும் மௌரியரையும் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அலெக்சாந்தர் காலத்துச் செய்திகள் எங்கட தீவின் கல்லில் ஒளிந்திருப்பதாக!

மற்ற ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த எழுத்து தெரியவில்லை. பேராதனை வரலாற்றாசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்தன, மலாயா பற்றிய வாதத்தை 1967-இலேயே எடுத்து அலசி மறுத்து எழுதினார். ஒரு சிங்கள அறிஞரின் வாசிப்பை இன்னொரு சிங்கள அறிஞர் கேள்வி கேட்ட விஷயம் இது. இனச் சண்டை இல்லை, முறை பற்றிய சண்டை. இன்னொருவர் கண்ணுக்கும் தெரியாத எழுத்து ஆதாரமாகாது என்பதுதான் அங்கே நின்ற நியாயம்.

குச்சவெளிக் கல்லை வாசித்த கண்ணும் வரியிடை எழுத்தைக் ‘கண்ட’ கண்ணும் ஒன்றுதான். அதனால்தான் ஒரு துறைக்குப் பெரிய பெயர்கள் மட்டும் காணாது. சரிபார்க்கப் பலர் வேணும். அந்தப் பலருக்குள் நாங்கள் இருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

கிரேக்கக் கல்வெட்டுக்காரரிடம் படிக்க வேண்டியது

இந்தச் சரிபார்க்கும் பழக்கத்தை மிக ஒழுங்காக வளர்த்தெடுத்தவர்கள் கிரேக்கக் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள். பெர்லின் அக்கடமி 1815-இலேயே, ஔகுஸ்ட் பொயேக் என்ற அறிஞரின் பொறுப்பில், கிரேக்கக் கல்வெட்டுகளைத் தொகுக்கத் தொடங்கிவிட்டது. அந்த வேலை வேறு வேறு பெயரில் இன்றைக்கும் நடக்குது.

1931-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கூடி அவர்கள் ஒரு குறியீட்டு முறையைப் பேசி முடிவு செய்தார்கள். விஷயம் எளிது. கல்லில் ‘திரு’ தெரியுது, கொஞ்சம் தள்ளி ‘மலை’ தெரியுது, நடுவில் சிதைந்து போச்சு என்று வையுங்கோ. நீங்கள் அதைத் ‘திருக்கோணமலை’ என்று அச்சடித்தால் அது பொய். ‘திரு[க்கோண]மலை’ என்று சதுர அடைப்புக்குள் போட்டால், “நடுவில் இருப்பது என்னுடைய ஊகம், கல்லில் இல்லை” என்று வாசகருக்குச் சொல்லிவிட்டீர்கள். இன்னொருவர் வந்து, “ஏன், அது திருவண்ணாமலையாக இருக்கக்கூடாதா?” என்று கேட்கலாம். கேட்பதற்கு நீங்களே கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். எழுத்து பாதி தேய்ந்து சந்தேகமாக இருந்தால் அதன் கீழே ஒரு புள்ளி.

அதென்சில் ஒரு காலத்தில் எழுத்துகளைச் சதுரங்கக் கட்டம் போல வரிக்கு இத்தனை என்று ஒன்றின் கீழ் ஒன்றாக வெட்டினார்கள். அப்படிப்பட்ட கல் உடைந்திருந்தால் எத்தனை எழுத்துப் போச்சு என்று எண்ணிச் சொல்லலாம். ஊகத்துக்குக்கூட அங்கே அளவு இருக்கு.

எங்கட மாகாணத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரு மேட்டில் நாலு செங்கல் தெரிந்தால் அது இன்ன அரசன் கட்டிய விகாரை என்று ஒருவர் சொல்லுவார். இல்லை, இன்ன அரசன் கட்டிய கோயில் என்று மற்றவர் சொல்லுவார். இருவரும் சதுர அடைப்பைப் போட மறந்துவிடுகினம். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த ஒரு பொடியனோ பெட்டையோ அந்தக் கூட்டத்தில் இருந்தால் கதை கொஞ்சம் மாறும்.

சரி, எங்கே படிக்கலாம்?

முதல் படிக்குக் காசு தேவையில்லை. பிராமி எழுத்தை ஒரு மாத விடுமுறைக்குள் பிடித்துவிடலாம். அதற்குப் பிறகு வட்டெழுத்து, கிரந்தம். தமிழ் நெடுங்கணக்குத் தெரிந்தவருக்குக் கிரந்தம் பாதி பழகிய முகம்தான். ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு நூலும், பேராசிரியர் சி. பத்மநாதனின் ‘இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்’ நூலும் எங்கள் அலுமாரியில் இருக்க வேண்டியவை. ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து வரலாற்று நூல்கள் நிறைய இலவசமாகக் கிடைக்குது. எபிகிராபியா செலனிக்காவின் பழைய தொகுதிகளையும் இணையத்தில் வாசிக்கலாம்.

உயர்தரத்துக்குப் பிறகு என்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் தொல்லியல் படிக்கலாம். பேராதனையிலும் களனியிலும் தொல்லியலுக்கென்றே துறைகள் இருக்கு. பட்டம் முடித்தவர்களுக்குக் கொழும்பில் களனிப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் தொல்லியல் நிறுவகம். கடல் தாண்டினால், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கென்றே ஒரு துறை.

மொழி விஷயத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேணும். தமிழ் மட்டும் தெரிந்தால் குச்சவெளிக் கல்லை வாசிக்க முடியாது. சமஸ்கிருதம் வேணும். குகைக் கல்வெட்டுகளுக்குப் பிராகிருதம் வேணும். ஆய்வுக் கட்டுரைகளுக்குச் சிங்களம் வேணும். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் ‘தமெட’ வணிகன் விசாகன் கொடுத்த குகை பற்றிய குறிப்பு பிராகிருதத்தில்தான் இருக்கு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஒரு தமிழ் வியாபாரியைச் சந்திக்கவே இன்னொரு மொழி படிக்க வேண்டியிருக்கு.

கிரேக்கம் படிக்க ஆசைப்படுபவருக்கும் வழி உண்டு. அது வெறும் ஆடம்பரமும் இல்லை. எகிப்தின் செங்கடல் துறைமுகம் பெரெனிகேயில் ‘கொறபூமான்’ என்று தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடு கிடைத்தது. அதே ஊரில், இசிஸ் கோயிலில், கிரேக்கமும் சமஸ்கிருதமும் சேர்ந்த 3-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றும் அண்மையில் கிடைத்தது. இரண்டு பக்கத்து எழுத்தும் தெரிந்த ஆட்கள் உலகத்திலேயே கொஞ்சப் பேர்தான். பக்கார்ட் மானுடவியல் நிறுவனம் கிரேக்கக் கல்வெட்டுகளைத் தேடிப் பார்க்கும் வசதியோடு இலவசமாக இணையத்தில் வைத்திருக்கு. அதென்சுக் கல்வெட்டுகளுக்கு எளிய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இலவசம். அதென்சில் உள்ள பிரித்தானியக் கல்விக்கூடம் பட்டப்பின் மாணவருக்குக் கல்வெட்டியல் பயிற்சி நடத்துது.

கணினிப் பக்கம் கெட்டிக்காரர் என்றால் இன்னொரு வாசல். கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளைக் கணினியில் ஏற்ற உருவான ‘எபிடொக்’ என்ற முறையில், லெய்டன் அடைப்புக்குறிகள் எல்லாம் குறிமொழியாக மாறியிருக்கு. ஐரோப்பாவில் நடந்த ‘தர்மா’ ஆய்வுத் திட்டம் அதே முறையில் தமிழ்க் கல்வெட்டுகளையும் பதிவேற்றியது. திருகோணமலை மாவட்டத்துக் கல்வெட்டுகள் எல்லாவற்றையும், கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் மொழிபெயர்த்து, யாரும் தேடிப் பார்க்கும்படி வைத்தால் எப்படியிருக்கும்? ஒரு நல்ல பட்டப்பின் ஆய்வுக்கான வேலை அது. எங்கட கம்பஸ் பிள்ளைகள் யாராவது கையில் எடுக்க வேணும்.

கல்லைத் தொடுவதற்கு முன்

போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். சோக்கட்டி, மா, எண்ணெய் எதுவும் கல்லில் பூசாதையுங்கோ. எழுத்துத் தெரிய நல்ல வழி வெளிச்சம்தான். வெயில் சாயும் நேரத்தில், இல்லாட்டி ஒரு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, போனாலேயே பல கோணத்தில் படம் எடுங்கோ. பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்தால் அளவும் தெரியும். ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பதைத் திணைக்கள அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கடுமையானது, எங்கட பிள்ளைகள் மேல் அது பாய ஒரு காரணம் கொடுக்கத் தேவையில்லை.

இதெல்லாம் படித்தால் காணிப் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது. ஒரு காணியில் இன்றைக்கு வாழ்கிறவரின் உரிமையை 1,300 வருஷத்துக்கு முந்திய கல் தீர்மானிக்கக் கூடாது என்பது எங்கட நிலைப்பாடு. அது வேறு களத்தில், சட்டத்தாலும் அரசியலாலும் பேச வேண்டிய விஷயம். ஆனால் கல்லை வாசிக்கத் தெரியாத சமூகத்துக்குக் கல்லின் பேரால் எதையும் சொல்லலாம். வாசிக்கத் தெரிந்த ஊரில் அப்படிச் சொல்ல வருபவர் கொஞ்சம் யோசிப்பார்.

குச்சவெளிப் பாறையில் வேண்டுதல் வெட்டியவர் எந்த இனம் என்று அந்தக் கல் சொல்லவில்லை. எல்லாருடைய துன்பமும் தீர வேணும் என்று கேட்டார் என்பதை மட்டும் சொல்லுது. கடற்காற்றில் அந்த எழுத்து வருஷா வருஷம் தேயுது. அது முழுக்கத் தேய முதல், குச்சவெளியிலும் திரியாயிலும் பிறந்த பிள்ளைகள் நாலு பேராவது அதைத் தங்கட கண்ணால் வாசித்து, சந்தேகமான எழுத்தின் கீழே தங்கட கையால் புள்ளி வைக்க வேணும்.