விடுதலையின் இரு கரையிலும் ஓர் அமைச்சரவை: ஓமந்தூரார் ஆட்சி, 1947–49

1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாணத்துக்குப் புதிய முதல்வர் யாரும் வரவில்லை. முந்தைய முதல்வர் பிரகாசம் விலகிய பின் அதே ஆண்டு மார்ச் 23 அன்று பொறுப்பேற்ற ஓமந்தூரார் எனப்பட்ட ஓ. பி. ராமசாமி ரெட்டியாரே தொடர்ந்தார். பிரிட்டிஷ் படைத்தளபதியாக இருந்த ஆர்ச்சிபால்ட் நை ஆளுநராக நீடித்தார். சட்டமன்றமும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறுகிய வாக்குரிமையில் 1946இல் அமைந்ததுதான். புதிய அரசின் கொள்கை எது என்ற கேள்விக்கு, ஆகவே, விடுதலை நாளின் உரைகளைவிட அவ்வாட்சி இயற்றிய சட்டங்களே நம்பத்தக்க சான்று.

அவற்றுள் பல 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியபோது பாதியில் நின்றவை. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுதும் பரவியது. கோயில் நுழைவுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டம் அறங்காவலரின் விருப்பத்தை நம்பியிருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதை எல்லா இந்துக்களின் உரிமையாக்கியது. முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவையில் தொடங்கிய போராட்டமும் அதே ஆண்டு தேவதாசி ஒழிப்புச் சட்டமாக நிறைவேறியது.

நிலச் சட்டங்களில்தான் ஓமந்தூராரின் மண் வாசனை தெரிகிறது. அவர் 1895இல் பிறந்த ஓமந்தூர் திண்டிவனத்தை அடுத்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் பெரும்பாலும் ரயத்துவாரிப் பகுதி; பட்டாதாரர் தீர்வையை நேரே சர்க்காருக்குக் கட்டினார், நடுவில் ஜமீன்தார் இல்லை. 1947ஆம் ஆண்டின் குத்தகைக் குறைப்புச் சட்டம், ஜமீன் குடியானவர் செலுத்த வேண்டியதை அக்கம்பக்க ரயத்துவாரி நிலத் தீர்வையின் அளவுக்கு இறக்கியது. 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் இழப்பீடு கொடுத்து ஜமீன்களை ஒழித்ததோடு, அந்நிலங்களை ரயத்துவாரியாக மாற்றவும் செய்தது. காங்கிரஸ் கனவு கண்ட விடுதலை பெற்ற குடியானவன், உண்மையில் தென்னார்க்காட்டுப் பட்டாதாரரின் சாயலில் இருந்தான் என்பேன். பட்டா இல்லாத பண்ணையாள் அந்தச் சித்திரத்துக்குள் வரவில்லை. இதை ஓமந்தூராரின் தனிக்குறை என்று சொல்வது நியாயமாகாது; அன்றைய காங்கிரஸின் பார்வையே வரப்போரம் நின்றுவிட்டது.

வகுப்புரிமை ஆணை இன்னொரு கதை. 1920களின் ஆணைப்படி அரசுப் பணியிடங்கள் பன்னிரண்டாகப் பகுக்கப்பட்டன. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி இடம் கிடையாது. 1947 நவம்பரில் ஓமந்தூரார் அரசு அதைப் பதினான்காக மாற்றியது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம்கள் 1. நீதிக்கட்சி காலத்து ஏற்பாட்டைக் காந்தியவாதி ஒருவர் விரிவாக்கியது, காங்கிரஸ்–நீதிக்கட்சி என்ற வழக்கமான எதிர்நிலைக்குள் அடங்காத நிகழ்ச்சி. அதே அரசு 1948இல் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. பள்ளிகளில் இந்தியைப் புகுத்தி எதிர்ப்பையும் சந்தித்தது. பங்கீட்டில் தாராளமும் கருத்து மாறுபாட்டில் கண்டிப்பும் ஒரே அமைச்சரவையில் கூடியிருந்தன.

1949 ஏப்ரல் 6 அன்று பி. எஸ். குமாரசாமி ராஜா முதல்வரானார். ஓமந்தூராருக்குக் கட்சிக்குள் ஆதரவு கரைந்ததே காரணம். 1947இல் அவரைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் காமராஜர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

இந்த ஆட்சிக் கொள்கைகளை வயதுவந்தோர் அனைவரும் எடைபோடும் வாய்ப்பு 1952 தேர்தலில்தான் வந்தது. வகுப்புரிமை ஆணையின் கல்விப் பகுதியை முந்தைய ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லாதென்றிருந்தது. தென்னார்க்காட்டில் வன்னியரின் பங்கைக் கேட்டு எஸ். எஸ். ராமசாமி படையாட்சி தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி சட்டமன்றத்தில் 19 இடங்களைப் பிடித்தது. ஓமந்தூராரின் சொந்தத் திண்டிவனம் மக்களவைத் தொகுதியும் காங்கிரஸுக்குக் கிட்டாமல் உழைப்பாளர் கட்சிக்கே போயிற்று. 1954இல் காமராஜர் முதல்வரானபோது படையாட்சி அவரது அமைச்சரவையில் இடம்பெற்றார்.