சிரிப்பவர் யார்? சிரிக்கப்படுவோர் யார்?

ஒரு நாட்டைப் பற்றி அந்நியர் எழுதிய நூலை அந்நாட்டார் எவ்விதம் மதித்தனர் என்று ஆராய்வதும் சரித்திரத்தின் ஒரு பகுதியே. பட்டாபிஷேகங்களும் யுத்தங்களும் மாத்திரமே சரித்திரம் என்னும் எண்ணம் நம்மை விட்டு ஒழிய வேண்டும். ஆகவே, நம் பேராக் மாநிலத்தில் வித்தூன்றிய நாவல் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ஜெலாப்பாங்கிலிருந்து மேனோரா மலைச் சுரங்கத்தைக் கடந்து சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் கோலகங்சாரை அடையலாம். அங்குள்ள மலாய்க் கல்லூரிக்கு 1954ஆம் ஆண்டில் ஜான் வில்சன் என்னும் ஆங்கிலேயர் ஆசிரியராக வந்தார்; மறு ஆண்டே கோத்தா பாருவுக்கு மாற்றப்பட்டார். அந்தோணி பர்ஜெஸ் என்னும் புனைபெயரில் 1956, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் மலாயாவைப் பற்றி மூன்று நாவல்களை வெளியிட்டவர் இவரே. முதல் நாவலின் தலைப்பு ஒரு பீர் விளம்பரத்திலிருந்து வந்தது. இரண்டாவதன் தலைப்பு, 'போர்வைக்குள் பகைவன்' என்னும் மலாய்ப் பழமொழியின் ஆங்கில வடிவம். 1964இல் மூன்றும் ஒரே நூலாக வெளிவந்தன.

அக்கதைகள் நிகழ்வது அவசரகாலத்தில். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்துப் பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீடித்தது. 1949இல் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். 1950 முதல் சுமார் ஐந்து லட்சம் ஜனங்கள் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். இத்தகைய காலத்தைப் பற்றி ஒருவர் நகைச்சுவையாக எழுதலாமா?

இதில் வாசகர்கள் இரு கட்சியாகப் பிரிகின்றனர். பர்ஜெஸ் எவரையும் விட்டுவைக்கவில்லை. குடியில் மூழ்கிய வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியையும், நாட்டுக்கு உழைக்க வந்ததாக நம்பும் விக்டர் கிராப் என்னும் ஆசிரியரையுமே அதிகமாக எள்ளுகிறார் என்பது ஒரு கட்சி. எள்ளுவதற்கு எல்லாரும் சமமாயினும், எள்ளுகிறவர் அதிகாரத்தின் பக்கத்தில் நின்று எள்ளினார் என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு.

ஆனால் இவ்விரு கட்சிகளும் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. அது யாதெனில், இந்நூலை முழுவதும் படிக்க வல்லவர் யார்? பர்ஜெஸ் தம் கற்பனை ஊர்களுக்கும் மாநிலங்களுக்கும் சபையில் சொல்லத்தகாத மலாய்ச் சொற்களைப் பெயராக வைத்தார். லண்டன் வாசகர் அவற்றைக் கீழ்த்திசையின் இனிய ஓசையென்று எண்ணிக் கடந்திருப்பார். மலாய் பேசும் எந்தத் தோட்டத் தொழிலாளியும் கேட்ட மாத்திரத்தில் சிரித்திருப்பான். ஆனால் அவனுக்கோ ஆங்கிலம் தெரியாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கக் கட்டளையிட்டது. அப்பள்ளிகளில் கிடைத்ததோ தமிழில் ஆரம்பக் கல்வி மாத்திரமே. சிரிப்பைப் புரிந்துகொள்ளக் கூடியவனுக்குப் புத்தகம் எட்டவில்லை; புத்தகம் எட்டியவனுக்குச் சிரிப்புப் புரியவில்லை. இதைவிடக் கசப்பான நகைச்சுவை அந்நாவலிலும் இல்லை!

பதிப்பகத்தாரின் அறியாமையும் சிறிதன்று. இரண்டாம் நாவலின் அட்டையில், ஒரு சீக்கியர் ரிக்‌ஷாவில் வெள்ளைக்கார ஆணையும் பெண்ணையும் இழுத்துச் செல்வதாகப் படம் போட்டனர். மலாயாவில் ரிக்‌ஷா இழுத்தவர் சீனர் என்பதை இங்குள்ள குழந்தையும் அறியும். பழி தம்மீதே விழுமென்று பர்ஜெஸ் பின்னாளில் தம் சுயசரிதத்தில் வருந்தி எழுதினார்.

இனி, நம்மவர் அந்நூலில் எங்கே இருக்கின்றனர்? தலைமையாசிரியர் பதவிக்கு ஏங்கிச் சூழ்ச்சி செய்யும் ஜகநாதன் ஒருவர். யாழ்ப்பாணத்து மிருக வைத்தியர் வைத்திலிங்கம் மற்றொருவர். மூன்றாம் நாவலின் முடிவில் கிராப் ஆற்றில் விழுந்து மாளும்போது, மனிதரைக் காப்பது தம் தொழிலன்று என்பவர்போல் இவர் வாளாவிருக்கிறார். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களுமே பாத்திரங்கள். பால் மரம் வெட்டியவர், காட்டை அழித்து நாட்டை ஆக்கியவர், அந்நூலில் முதன்மைப் பாத்திரமாக ஒருவர்கூட இல்லை. கேலி செய்யப்படுவது ஒரு குறை. கேலி செய்யவும் நினைக்கப்படாமல் விடப்படுவது அதனினும் பெரிய குறையன்றோ?

இதற்காகப் பர்ஜெஸை வைவதில் பயனில்லை. அவர் தம் கண்ணுக்குப் பட்டதை எழுதினார். அவர் பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து தோட்டத்து லயம் தெரியவில்லை. லயத்திலிருந்தே பார்த்து எழுதும் கடமை நம்முடையது. 1950ஆம் ஆண்டிலேயே 'தமிழ் நேசன்' கதை வகுப்பு நடத்தி இளைஞர்களுக்கு எழுதப் பயிற்சி அளித்தது. பின்னாளில் அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' என்னும் நாவலில் அவசரகாலத்துத் தமிழர் பட்ட பாட்டை வடித்தார். இவை நம் ஜன்னல்கள்.

ஆகவே வாசகர்களே, அந்நியர் எழுதியதென்று ஒதுக்காமலும், ஆங்கிலத்தில் அச்சானதென்று தொழாமலும் அந்நாவலைப் படியுங்கள். அதன் பக்கத்திலேயே நம்மவர் எழுதியதையும் வைத்துப் படியுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மறைந்தன. அவற்றில் உழைத்த முதியோரும் நாளுக்கு நாள் மறைகின்றனர். அவர்கள் சிரித்தது எதற்கு, அழுதது எதற்கு என்று இன்று கேட்டு எழுதாவிடில், நாளைய சரித்திரத்தில் அட்டைப்படத்து ரிக்‌ஷாக்காரரே நம் சாட்சியாக நிற்பார்.