நான்சன் மாட்டின பாத்திரம்

புஸ்ஸுனு சத்தம் போடுற பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கா? திரியில்லாத அந்த அடுப்பை 1892-ல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் கொண்டுவந்தார். பெயர் பிரைமஸ். காத்தடிச்சா மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஏறி, ஆவியாகி, நீலமா எரியும்.

எனக்குப் பிடிச்சது அடுப்பைவிட, நார்வேக்காரர் நான்சன் அதுக்கு மேல மாட்டின பாத்திரங்கள்தான். 1895-ல் ஜோஹன்சனோட வடதுருவம் நோக்கிக் கிளம்பினார். சுத்திலும் பனி, ஆனா உருக்கினாத்தான் தண்ணி. எண்ணெய் தீர்ந்தா பனி நடுவுலயே தாகம். கூடுதலா எடுத்துட்டுப் போகலாமேன்னா, வண்டி இழுக்கிறது நாய்கள். ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

அதனால நடுவில் சமையல் பாத்திரம். அதைச் சுத்தி வளையம் மாதிரி இன்னொன்னு, அதுல பனிக்கட்டி. மேலே ஒரு பாத்திரம், அதுலயும் பனி. எல்லாத்தையும் மூடி மெல்லிசா ஒரு உறை. குழம்பு கொதிச்சு மிஞ்சுற சூடு வெளியே ஓடாம பனியை உருக்கும். எங்க பாட்டி கொடியடுப்புல வெந்நீர் வெச்சது இதே கணக்குதான். காத்தடிக்கிற நாள்ல பம்ப்செட் கொட்டாயில் நாங்க டின்னை வெட்டி ஸ்டவ்வைச் சுத்தி நிறுத்துவோமே, அதுவும் அந்த உறைக்குத் தம்பி முறை.

ஏறக்குறைய 20 லிட்டர் எண்ணெய் 120 நாள் வந்ததுன்னு நான்சனே எழுதியிருக்கார். நாளுக்கு ஒரு ஆழாக்கு! அதுல ரெண்டு வேளை சுடுசோறும், ரெண்டு பேருக்குக் குடிதண்ணியும். அந்தப் பயணத்துல 86 டிகிரி தாண்டிப் போனாங்க. அதுவரை அவ்வளவு வடக்கே யாரும் போனதில்லை. பிறகு தென்துருவம் தேடிப்போன ஸ்காட் குழுவும் நான்சன் குக்கரைத்தான் கட்டி எடுத்துட்டுப் போச்சு.