தாமோதரம்பிள்ளையும் தடயவியல் கணக்காய்வும்

'தடயவியல் கணக்காய்வு' என்ற சொற்றொடர் எங்கள் பத்திரிகைப் பக்கங்களுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி இலங்கை மத்திய வங்கியில் நடந்த திறைசேரி முறி ஏலமே அதனை யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. 100 கோடி ரூபாவுக்கென அறிவிக்கப்பட்ட 30 ஆண்டு முறிக்கு, ஏலம் முடிந்தபோது ஏற்றுக்கொள்ளப்பட்ட தொகை ஏறத்தாழ 1,000 கோடி ரூபா. இப்போது கணக்கியலில் பட்டம் பெற்ற பிள்ளைகள் சிலர், இத்துறையைப் பட்டப்பின் படிப்பாகப் பயில எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். நானோ கலைப் பட்டதாரி. எனினும் பத்திரிகைக்காரனிடம் எதனையும் கேட்கலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். அவர்களுக்கு நான் சொன்னவற்றில் பெரும்பகுதி வரலாறுதான்.

சாதாரண கணக்காய்வாளர், ஏடுகள் உண்மையும் நியாயமுமான தோற்றத்தைத் தருகின்றனவா என்று பார்த்துக் கருத்துச் சொல்பவர். தடயவியல் கணக்காளரோ நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சான்றைத் தேடுபவர். அத்துறையின் ஆங்கிலப் பெயரே வழக்கு மன்றத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது; அப்பெயரை 1946இல் முதன்முதலாக எழுத்தில் கையாண்டவர் மொரிஸ் பெலூபே என்ற அமெரிக்கக் கணக்காளர் என்பர். தொழில் அதற்கு முந்தியது. சிகாகோவின் அல் கப்போனை எந்தக் கொலை வழக்கிலும் சிக்கவைக்க முடியாதபோது, வருமான வரித் திணைக்களத்தின் பிராங்க் வில்சன், 1926இல் ஒரு சூதாட்ட விடுதியில் கைப்பற்றப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்த பேரேடுகளை எடுத்து, அவற்றின் கையெழுத்தை வேறு ஆவணங்களிலுள்ள கையெழுத்துகளோடு ஒப்பிட்டு, எழுதிய கணக்குப்பிள்ளையைக் கண்டுபிடித்தார். 1931இல் அல் கப்போனுக்கு 11 ஆண்டுச் சிறை கிடைத்தது.

ஏட்டை ஏட்டோடு ஒப்பிடுவது, எழுதிய கையை அறிவது, இடையில் புகுந்ததைப் பிரித்தெடுப்பது! இவ்வேலை எங்களுக்குப் புதிதா? சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பதிப்பாசிரியராகவே நாம் அறிவோம். அவர் எங்கு உத்தியோகம் பார்த்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்று, சென்னைக்குச் சென்று, பேர்சிவல் பாதிரியாரின் 'தினவர்த்தமானி' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர் (அந்த வகையில் எங்கள் தொழிலுக்கும் முன்னோர்). சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1857ஆம் ஆண்டின் முதலாவது கலைமாணித் தேர்வில், வட்டுக்கோட்டையில் தமக்கு ஆசிரியராக இருந்த கறல் விசுவநாதபிள்ளையோடு சேர்ந்து தேறினார். கள்ளிக்கோட்டையில் சிறிது காலம் கற்பித்தபின் அவர் அமர்ந்தது சென்னை அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில். அங்கு அவர் விசாரணைக் கர்த்தர். உத்தியோகத்தில் இருந்துகொண்டே சட்டமும் பயின்று 1871இல் அதிலும் பட்டம் பெற்றார். பின்னாளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் இருந்தார்.

கணக்காய்வும் சட்டமும் ஒரே ஆளிடம்! இன்றைய முதுமாணிப் பாடநெறிகள் உருவாக்க முனைவது இத்தகைய ஒருவரைத்தான்.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் உரை, 1881இல் வீரசோழியம், 1885இல் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அவர் பதிப்பித்த நூல்களின் முன்னுரைகளைப் படிப்போர், பிரதிகள் எங்கெங்கிருந்து வந்தன, எவ்வளவு சிதைந்திருந்தன என்று அவர் தரும் விபரங்களைக் காண்பர். சான்றின் வரலாற்றைச் சொல்லாமல் முடிவைச் சொல்லக்கூடாது என்ற ஒழுக்கம் அது. பகலில் அரசாங்கக் கணக்குகளை விசாரித்த கண்தான் ஏட்டுச் சுவடிகளையும் பார்த்தது என்று நான் கருதுகிறேன். இது என் ஊகமே. தமிழறிஞர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

ஆவணத்தை ஆவணத்தால் சோதிப்பதில் குடாநாட்டுக்கு அதனினும் பழைய பயிற்சி உண்டு. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்தி விரித்த தோம்புகளில், காணி ஒரு பதிவிலும் தலைக்கட்டு இன்னொரு பதிவிலும் இருந்தன. பாடசாலைத் தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. இவற்றில் ஒன்றில் மறைத்ததை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாணக் கொமாண்டர் சுவார்டக்குறூன் 1697இல் தாம் இல்லாத காலத்து வழிகாட்டலுக்கென எழுதிவைத்த அறிக்கையில் தோம்பு, வரி நிலுவை, ஊழியம் ஆகியன முக்கிய விடயங்கள். ஒல்லாந்தரின் நோக்கம் எங்கள் நன்மையல்ல, வசூல்தான். ஆயினும் எழுத்தே சாட்சி என்ற எண்ணம் எங்கள் சனங்களிடம் வேரூன்றிவிட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் பெயர்ந்தபோது, அரிசியை விட்டுவிட்டு உறுதிக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் எத்தனையோ பேர்.

கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் வாரியத்துக்குத் தெரிவுசெய்யலாகாது என்று பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு விதித்தது. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விதியை எங்கள் கோயில் நிருவாக சபைகள் சிலவற்றின் வாசலில் பொறித்துவைக்கலாம்.

பிணைமுறி விவகாரத்துக்கு வருவோம். 2017 ஜனவரியில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவரோடு மூன்றாமவராக அமர்ந்தவர் ஓய்வுபெற்ற பிரதிக் கணக்காய்வாளர் நாயகம் வேலுப்பிள்ளை கந்தசாமி. இரு நீதியரசரும் ஒரு கணக்காய்வாளரும் என்ற அந்த அமைப்பே இத்துறைக்கு ஓர் இலக்கணம். அங்கு முதனிலை வணிகர் நிறுவனத்தின் தொலைபேசி ஒலிப்பதிவுகள் சான்றுகளாயின; பதிவுகள் அழிக்கப்பட்டமை பற்றியும் சாட்சியம் அளிக்கப்பட்டது. அந்நிறுவனம் இரண்டாந்தரச் சந்தையில் 1,114.5 கோடி ரூபா இலாபமீட்டியது என்று ஆணைக்குழு கண்டதை, அறிக்கை கிடைத்தபின் 2018 ஜனவரியில் ஜனாதிபதியே நாட்டுக்கு அறிவித்தார். நட்டமடைந்தவற்றுள் ஊழியர் சேமலாப நிதியும் ஒன்று. அதாவது சீமெந்துத் தூசியிலும் கடை வெயிலிலும் உழைத்தவர்களின் முதுமைக்கான பணம்.

அதன்பின் மத்திய வங்கி தடயவியல் கணக்காய்வுக்கு ஆளமர்த்தியபோது வேலையைச் செய்தவை இந்தியாவின் பீ.டீ.ஓ., கே.பீ.எம்.ஜீ. நிறுவனங்கள். அறிக்கைகள் 2020 ஜனவரியில் பாராளுமன்றத்துக்கு வந்தன. வெளியார் பார்த்தால் பக்கச்சார்பில்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் 1959ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பட்டயக் கணக்காளர் நிறுவகத்தை அமைத்துக்கொண்ட நாடு, மலாயாவரைக்கும் கணக்கெழுதக் கிளாக்கர்மாரை அனுப்பிய குடாநாட்டையும் உடைய நாடு, இதற்குரிய நிபுணர்களைப் போதிய அளவு உருவாக்கியிருக்க வேண்டாமா?

இது கொழும்பின் பிரச்சினை மட்டுமல்ல. 2009இன் பின் குடாநாட்டு வீதிகளில் வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வரிசையாகக் கிளை திறந்தன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணம், கூடிய வட்டி கிடைக்கும் இடம் பார்த்து வைப்பிலிடப்பட்டது. 2008 டிசெம்பரில் கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் வீழ்ந்து ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்த செய்தியை, யுத்தச் செய்திகளின் இரைச்சலில் எங்கள் பக்கத்தில் பலர் கவனிக்கவேயில்லை. 2020 மே மாதத்தில் 'த ஃபினான்ஸ்' கம்பனியின் அனுமதிப்பத்திரம் இரத்தானபோது கேள்வி வீட்டு வாசலுக்கு வந்தது. வட்டிவீதத்தை மட்டும் பார்த்த முதியவருக்கு ஐந்தொகையைப் படித்துக்காட்ட ஊரில் ஒருவர் இருந்திருக்கலாம்.

என்னிடம் கேட்ட பிள்ளைகளுக்கு முகவரியும் சொன்னேன். காந்திநகரிலுள்ள இந்திய தேசிய தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம், 2008இல் குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 2020இல் தேசிய நிலை பெற்றது. இங்கிலாந்தில் மோசடித் தடுப்பைத் தனித் துறையாகவே வளர்த்தது போர்ட்ஸ்மத். எங்கு போனாலும், சிறையிலிருந்த கையாடற்காரரை நேர்கண்டு டொனால்ட் கிரெசி 1953இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கவேண்டியிருக்கும்: வெளியே சொல்லமுடியாத பணமுடை, வாய்ப்பு, 'கடனாகத்தானே எடுக்கிறேன்' என்ற சமாதானம். இயல்பாகச் சேர்ந்த தொகைகள் பலவற்றில் முதல் இலக்கம் 1 ஆக வருவது நூற்றுக்கு 30 அளவில், 9 ஆக வருவது 5க்கும் குறைவு என்ற பென்ஃபோர்ட் விதியையும் கற்பர். பொய்த் தொகை எழுதுபவனுக்கு இது தெரியாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் துறையும் உண்டு, சட்டத்துறையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு முதுமாணிப் பாடநெறிக்கு இடம் இருக்கிறது. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். காணாமற்போன வைப்புப் பணத்தைப் பற்றி யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றில் சாட்சிக் கூண்டேறும் நிபுணர், பேரேட்டின் பொய்யை வைப்பிட்ட முதியவருக்கும் விளங்கும் தமிழில் சொல்லவேண்டும். அதற்குரிய கலைச்சொற்களில் ஒருசிலவே இன்று நம்மிடம் உள்ளன. எஞ்சியவற்றை அந்தப் பிள்ளைகள்தான் ஆக்கவேண்டியிருக்கும்.