கோடை இழந்த ஆண்டு

1815 ஏப்பிரலிலே சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. மாண்டோர் பல்லாயிரவர். மேல்வளியை அடைந்த கந்தக வாயு நுண்டுளிகளாகி உலகைச் சூழ்ந்து ஞாயிற்றொளியை மறித்தது. 1816 யூன் மாதத்திலே அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியில் வெண்பனி பொழிந்தது. மேற்கு ஐரோப்பாவிலோ ஓயாத மழையாற் பயிரழிய, சுவிற்சலாந்திலே ஏழைகள் பட்டினி கிடந்தனர். ஞாயிற்றிற் கண்ட கரும்புள்ளிகளே காரணமென்றனர் சிலர். கீழைத் தீவொன்றின் மலையை எவர்தாம் ஐயுறுவர்? அத்தொடர்பு துலங்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

கந்தகத் திரை சில ஆண்டுகளிற் கலைந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் காபனீரொட்சைட்டு அத்தகையதன்று. அதிற் கணிசமான பங்கு நூற்றாண்டுகள் தங்கிப் புவியின் வெப்பம் வெளியேறாது மறிக்கும். அவாயித் தீவின் மௌனா லோவாவில் (அதுவும் எரிமலையே) 1958இல் அளவிடத் தொடங்கியபோது, வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்காயிருந்த அவ்வாயு 2024இல் 420ஐக் கடந்திருந்தது.