245 மீட்டர் ஆழத்தில் நாலரை டன் தங்கம்

இன்னிக்கு ஒரு கப்பல் கதை.

1942 ஏப்ரல் கடைசி. ரஷ்யாவோட மர்மான்ஸ்க் பகுதியிலிருந்து எச்.எம்.எஸ். எடின்பரோங்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிளம்புது. உள்ளே 465 தங்கக் கட்டிகள், கிட்டத்தட்ட நாலரை டன். நேச நாடுகள் அனுப்பின போர்த் தளவாடங்களுக்கு சோவியத் யூனியன் கட்டுற பணம் அது.

ஏப்ரல் 30-ல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவால் அடிச்சது. மே 2-ல் ஜெர்மன் டெஸ்ட்ராயர்களோட சண்டை, இன்னொரு டார்பிடோ. இனி தேறாதுன்னு தெரிஞ்சதும் பிரிட்டிஷாரே கப்பலை மூழ்கடிச்சாங்க. 50-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்திருந்தாங்க. இடம் பேரன்ட்ஸ் கடல், ஆழம் 245 மீட்டர்.

அந்த ஆழத்துல அழுத்தம் மேலே இருக்கிறதைவிட சுமார் 25 மடங்கு. சாதாரணக் காற்றை அங்கே சுவாசிச்சா நைட்ரஜன் மயக்கும், ஆக்சிஜனே விஷமாகும். அதனால ஹீலியத்துல கொஞ்சமா ஆக்சிஜன் கலந்து சுவாசிக்கணும். ஆனா ஹீலியம் உடம்புச் சூட்டை வேகமா இழுத்துடும். வெளியே கடலும் ஐஸ் மாதிரி. அதுக்காக மேலேயிருந்து குழாய் வழியா வெந்நீர் டைவிங் உடைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். குழாய் துண்டானா உயிருக்கே ஆபத்து.

இன்னொரு சிக்கல்: திசுக்கள்ல கரைஞ்ச வாயு மெதுவா வெளியேற ஒரு வாரத்துக்கு மேலே ஆகும். தினமும் ஏறி இறங்க முடியாது. அதனால டைவர்கள் கப்பல் மேலேயே அதே அழுத்தமுள்ள ஒரு அறையில வாழ்ந்தாங்க. வேலைக்கு ஒரு கூண்டுல கீழே இறங்கிட்டுத் திரும்புவாங்க. அழுத்தம் குறைக்கிறது கடைசியில ஒரே தடவை.

தொழில்நுட்பத்தைவிடக் கஷ்டமான கேள்வி ஒண்ணு இருந்தது. அது போர்க் கல்லறை. அங்கே கைவைக்கலாமா? வெடி வைக்காம, கப்பலை வெட்டி உள்ளே போறதா கீத் ஜெசப்போட குழு திட்டம் கொடுத்தது. அவங்களுக்கே ஒப்பந்தம் கிடைச்சது. எண்ணெய், சேறு, வெடிக்காத குண்டுகளுக்கு நடுவுல, 1981 செப்டம்பர்ல முதல் கட்டி கிடைச்சது. அக்டோபர்ல வானிலை மோசமாகி நிறுத்தினப்போ கணக்கு 431. மீட்டவங்களுக்கு 45 சதவீதம், மீதி சோவியத்துக்கும் பிரிட்டனுக்கும்.

1986-ல் இன்னும் 29. மீதி அஞ்சு கட்டி கீழேயே தங்கிடுச்சு, அந்த மாலுமிகளோட. இவ்வளவு ஜாக்கிரதையா போனதால அது மரியாதை ஆகிடுமா, இல்ல தங்கம் இல்லன்னா யாரும் அங்கே போயிருக்கவே மாட்டாங்களா? உங்க பதிலை யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.